சாவி போட்ட படம்

இந்த ஊரில் ஏறக்குறைய நாலாயிரம் பேருடைய மூக்கை நான் நேராக்கியிருக்கிறேன். மரு எடுத்திருக்கிறேன். வழுக்கையில் முடி நட்டிருக்கிறேன். மாறுகண்ணைச் சரிசெய்திருக்கிறேன். இதில் ஒருவருக்குக்கூட ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. ஏனென்றால் நான் டாக்டர் இல்லை, போட்டோகிராபர். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கோமதி டிஜிட்டல் ஸ்டுடியோ என்னுடையது. பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு அம்மன் பேரில் வைத்த கடை என்று ஊர் நம்புகிறது. என் பெயர் கோமதிநாயகம் என்பதால் பாதிப் புண்ணியம் எனக்கும் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

உயிரோடு இருந்தவர்களைவிட இறந்தவர்களுக்குத்தான் நான் அதிகம் உழைத்திருக்கிறேன். செத்த வீட்டுக்காரர்கள் ஒரு கல்யாண குரூப் போட்டோவோடு வருவார்கள். மூன்றாவது வரிசையில், யாரோ ஒருத்தியின் கொண்டைக்குப் பின்னால், பாதி முகம் தெரியும். "இதுதான் எங்க பெரியப்பா. பதினாறாம் நாளுக்கு மாலை போடணும், பெருசாப் போட்டுத் தாங்க." மீதிப் பாதி முகத்துக்கு நான் எங்கே போவது? அதற்காகவே ஒரு உறுப்பு ஃபோல்டர் வைத்திருந்தேன். கோட்டு, வெள்ளைச் சட்டை, பட்டுச் சேலை, காது, புருவம் என்று எல்லாம் அதில் இருக்கும். காதும் புருவமும் பல பேரிடம் இரவல் வாங்கியவை. உதடு மட்டும் ஒரே ஆளுடையது. கல்யாணமான புதிதில் என் மனைவி வேலம்மாளை எடுத்த ஒரு படத்திலிருந்து வெட்டி வைத்தது. வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது, அதனால்தான் என்று தொழில்முறையில் சொல்லிக்கொள்வேன். உயிரோடு இருந்தவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத பங்காளிகள், இப்போது எதிரெதிர் வீட்டுச் சுவர்களில் என் மனைவியின் உதட்டால் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் தெளிபடம் என்கிற புது வகைப் படம் வருவதற்கு முன்பு. தெளிபடம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. எல்லாப் போனும் அதற்கு மாறிவிட்டது. கம்ப்யூட்டர் என்று இப்போது கிடைப்பதும் கொஞ்சம் பெரிய போன்தான். பிரிண்டர்கூடத் தெளிபடத்தைத் தவிர வேறெதையும் தொடாது. போன் எடுக்கிற படத்தில் மருவும் இல்லை, மாறுகண்ணும் இல்லை. போன் தானாகவே திருத்திவிடுகிறது, அதுவும் காப்பி குடிக்கப் போகாமல். அதன் பிறகு என் பிழைப்பு, ஊர்க்காரர்களின் பழைய கேமராப் படங்களைத் தெளிபடமாக மாற்றிக் கொடுப்பது. கார்டைச் சொருக வேண்டும். 'மாற்றவா?' என்று கேட்கும். 'சரி' என்பதை அமுக்க வேண்டும். முப்பத்தோரு வருஷத் தொழில் ஞானம் ஒரு விரலுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். முப்பத்தெட்டு, நாற்பது வயது ஆள் ஒருவர் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, என்னத் தெரியுதா?"

"தெரிஞ்ச முகம்தான். நான் திருத்தின முகமா, திருத்தாத முகமான்னுதான் யோசிக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. "இசக்கிராஜ். பதினோரு வருஷம் முன்னால எங்க கல்யாணத்துக்கு நீங்கதான் போட்டோ. பொண்ணு மாரிச்செல்வி."

எனக்கும் சிரிப்பு போய்விட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"மாரிச்செல்வி படம் ஏதாச்சும் வச்சிருக்கியளா அண்ணாச்சி?"

"கல்யாண ஆல்பம் ஒங்க வீட்டுலதான தம்பி இருக்கும்?"

"அது இருக்கு. அது வேண்டாம். திருத்தாத படம் வேணும்."

திருத்தாத படம் கேட்டு என் கடைப் படியேறிய முதல் ஆள் அவர்தான்.

மாரிச்செல்விக்கு மேலுதட்டில், இடப்பக்கம், மூக்குவரை போகும் ஒரு தழும்பு உண்டு. பிறக்கும்போது பிளந்திருந்த உதட்டைத் தைத்த தழும்பு. அவள் பெற்ற பெண்ணுக்கும் அதே இடம், அதே பக்கம். பெண்ணின் பெயர் தன்விகா. (எங்கள் ஊரில் இப்போது பத்துப் பெண்பிள்ளைகளில் ஏழு 'கா'வில்தான் முடிகிறது. ஜோசியரிடம் கேட்டால் காரணம் சொல்லுவார்.) தன்விகா பிறந்த அன்று மாரிச்செல்வி போய்விட்டாள். ஒன்பது வயதாகிறது பிள்ளைக்கு.

"போன வருசம் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல" என்றார் இசக்கிராஜ். "பள்ளிக்கூடத்துல எவளோ ஒருத்தி, 'ஒங்க அம்மா போட்டோல வாய் நல்லாத்தான இருக்கு, ஒனக்கு மட்டும் எப்படி? ஒன்னய எங்கேருந்தோ எடுத்துட்டு வந்துருக்காவ'ன்னு சொல்லிட்டா. அன்னைலேருந்து கேக்கா. 'நான் யாரு பிள்ள?'ன்னு கேக்கா."

"நீங்க சொல்ல வேண்டியதுதான, அம்மாவுக்கும் இருந்துச்சுன்னு?"

"சொல்லாமயா? நான் சொன்னேன், எங்க மாமியார் சொன்னாவ. 'எல்லாரும் பேசி வச்சிக்கிட்டுப் பொய் சொல்லுதிய. அப்படின்னா போட்டோவக் காட்டு'ங்கா. அவ பழைய படம் இருந்ததெல்லாம் தெளிபடமா மாத்தினதோட போச்சு." போனை எடுத்து என் முன்னால் வைத்தார். "இந்தா பாருங்க, இது அவ. நேத்து எடுத்தது."

இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தை. உதடு ரோஜா இதழ் மாதிரி இருந்தது. தழும்பு இல்லை.

"போன்ல அவளுக்கே இல்ல அண்ணாச்சி. கண்ணாடில இருக்கு, போன்ல இல்ல. ரெண்டுல ஒண்ணு பொய்யின்னு அவளுக்குப் புரிஞ்சிட்டு. கண்ணாடிய ஒடச்சிட்டா." போனைக் கவிழ்த்து வைத்தார். "ரெண்டு மாசமாப் பள்ளிக்கூடம் போகல. வீட்டுக்குள்ளயும் மாஸ்க்குதான். சோறு திங்கும்போது சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிடுதா. இந்தச் சனியன ஆஃப் பண்ண வழியே இல்லையா?"

"ஒங்க போன்ல போட்டோவே கிடையாது தம்பி. அப்புறம் எதை ஆஃப் பண்ண?"

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"பழைய கேமரா என்ன செய்யும்? முன்னால விழுந்த வெளிச்சத்த அப்படியே அள்ளி வச்சிக்கிடும். புள்ளி புள்ளியா. அது பெரிய மூட்டை. போன் அப்படி அள்ளுறதில்ல. ஒங்களப் பாத்து எழுதி வச்சிக்கிடும். 'இன்னார், இந்த எடம், நீலச் சட்டை, லேசாச் சிரிக்கார்.' அவ்வளவுதான் ஃபைலு. நீங்க திறக்கும்போதெல்லாம் அந்த எழுத்தப் படிச்சுட்டுப் புதுசா வரையும். தழும்பு கிழும்பு இருந்தா, அது ஏதோ கேமராக் கோளாறுன்னு நெனச்சு எழுதாமலே விட்டுரும். எழுதாதத எப்படி வரையும்?"

"அப்ப இது எம் பிள்ள படம் இல்லையா?"

"ஒங்க பிள்ளயப் பத்தின ஒரு லெட்டர். கையெழுத்து அழகாருக்கு, அவ்வளவுதான்."

இது எனக்கு முன்பே தெரியும். போன வருஷம் ஒரு பெண் வந்தாள். புருஷன் அறைந்த கன்னத்தைப் போனில் எடுத்துக் கொண்டுபோய்ப் புகார் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். படத்தில் கன்னம் பளபளவென்று இருந்ததாம். 'அறைஞ்ச மாதிரி தெரியலையேம்மா' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கும் நான் இதே லெட்டர் கதையைத்தான் சொன்னேன். நன்றாகச் சொன்னதாக எனக்கு நானே பாராட்டியும் கொண்டேன். அந்தப் பெண் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

"கல்யாண ஆல்பத்துல போன் ஒண்ணும் செய்யலையே அண்ணாச்சி? அது பிரிண்டு போட்ட ஆல்பம்தான?" என்றார் இசக்கிராஜ்.

"ஆமா. அதுல போன் செய்யல."

யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. 'நாளைக்கு வாங்க தம்பி, பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்பினேன். ஏனென்றால் என்னிடம் ஒரு படம் இருந்தது. ஒன்பது வருஷமாக இருந்தது.

கல்யாண ஆல்பத்தை வாங்க மாரிச்செல்வியே வந்திருந்தாள். இருபது பக்கத்தையும் நின்றுகொண்டே புரட்டினாள். யாரும் கேட்காமலே எல்லாப் படத்திலும் டச்சப் செய்து தழும்பை எடுத்திருந்தேன். அது என் வழக்கம். கேட்டுக்கொண்டா செய்வார்கள்? கல்யாணத்துக்குச் செய்கிற மரியாதை அது. கடைசிப் பக்கத்தில், "ரொம்ப நல்லாருக்கு அண்ணாச்சி. இந்தப் பொண்ணு யாரு?" என்றாள். நான் நகைச்சுவை என்று நினைத்துப் பெரிதாகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு ஆல்பத்தை மூடிக்கொண்டு போனாள்.

அடுத்த வருஷம் அவள் வளைகாப்புக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கன்னத்தில் சந்தனமும் முழங்கைவரை கண்ணாடி வளையலுமாக உட்கார்ந்திருந்தவள், கூட்டம் பந்திக்குப் போன நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு படம் எடுங்க. இதுல மட்டும் என் வாய என்கிட்டயே விட்டுருங்க."

"என்னம்மா இப்படிச் சொல்லுத?"

"ஸ்கேன்ல சொல்லிட்டாவ. பிள்ளைக்கும் இருக்காம். நாளப்பின்ன வளந்து கேட்டா, அம்மாவுக்கும் இருந்துச்சு பாருன்னு காட்டணும்லா?"

எடுத்தேன். கேமராவின் பின்னால் சாவி படம் போட்ட பட்டன் ஒன்று உண்டு. முக்கியமான படத்தைத் தவறி அழித்துவிடாமல் பூட்டி வைக்க. அதை அவள் கண் முன்னாலேயே அமுக்கினேன். "இந்தா, சாவி போட்டாச்சு. இனி நானே நெனச்சாலும் தொட முடியாது" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஐம்பது நாள் கழித்து மாலை போடப் படம் கேட்டு வந்தார்கள். கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்றைப் பெரிதாக்கிக் கொடுத்தேன், திருத்திய வாயோடு. கேமராவில் இருந்த படம் ஞாபகத்துக்கு வரவில்லையா என்றால், வந்தது. தொட மனசு வரவில்லை. பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அழும் வீட்டுக்கு வளைகாப்புப் படத்தை எப்படிக் கொண்டுபோவது? அடுத்த மாசம் பார்க்கலாம் என்று கேமராவைக் கார்டோடு ஒரு தோள்பையில் போட்டு பீரோ மேல் வைத்தேன். அடுத்த மாசம் நூறு தடவைக்குமேல் வந்து போய்விட்டது.

இசக்கிராஜ் போன பிறகு, மதியம் வீட்டுக்குப் போய்ப் பையை இறக்கினேன். 'உங்கள் திறமை உலகுக்கு' என்று அச்சடித்த பை. எப்போதோ ஒரு போட்டியில் ஆறுதல் பரிசாகக் கிடைத்தது. கேமரா பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. கார்டாவது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதை உருவி, என் போனோடு இணைத்தேன். வெறுமனே பார்க்கத்தான்.

'பழைய வகைப் படங்கள் 212 உள்ளன. தெளிபடமாக மாற்றவா? அசல் நீக்கப்பட்டு இடம் மிச்சமாகும்.'

ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு முப்பது தடவை அமுக்கிய பட்டன் அது. விரல் என்னைக் கேட்கவே இல்லை.

நாலு நொடி. போன் 'டிங்' என்றது. இருநூற்றுப் பதினோரு மாரிச்செல்விகள், இருநூற்றுப் பதினோரு ரோஜா இதழ் உதடுகள். கார்டில் அசல் என்று எதுவும் மிச்சம் இல்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன செஞ்சு தொலைச்சிய?"

சொன்னேன். கல்யாணத்தில் திருத்தியது, வளைகாப்பில் கொடுத்த வாக்கு, மாலைப் படம், இப்போது அமுக்கிய 'சரி', எல்லாம். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் இடையில் ஒரு ஜோக்கும் சொல்லாமல் நான் பேசி முடித்தது அவளுக்கே பயமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையிலிருந்த போனை வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

"கீழ பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே, அதைப் பாத்தியளா?"

'1 படத்தை மாற்ற இயலவில்லை. பூட்டப்பட்டுள்ளது.'

எழுந்த வேகத்தில் பீரோவில் தலை இடித்தது. கார்டைப் பிடுங்கி மறுபடி கேமராவில் போட்டேன். பேட்டரி? வேலம்மாள் போய் எமர்ஜென்சி லைட்டைக் கொண்டுவந்து கவிழ்த்து, ஸ்குரூவைத் திருகினாள். அதில் இருந்த ரெண்டு செல்லை ஒயர் வைத்துக் கேமராவில் இணைத்தோம். ஒயரின் தோலை அவள்தான் பல்லால் கடித்து உரித்தாள். மூன்றாவது முயற்சியில் கேமராவின் முதுகில் உள்ளங்கை அகலத் திரை வெளிறி எரிந்தது. ஓரத்தில் சின்னதாகச் சாவி. நடுவில் மாரிச்செல்வி.

நான் அதிக நேரம் பார்க்கவில்லை. செல் தீர்ந்துவிடும் என்று அணைத்தேன். வேலம்மாளிடம் அப்படித்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இசக்கிராஜ் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேலம்மாளும் கடையில் இருந்தாள். பிள்ளையிடம் நான் ஏதாவது உளறிவிடுவேன் என்று காவலுக்கு வந்திருந்தாள். தன்விகா ஒல்லியாக, உயரமாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே எல்லாம் பச்சை மாஸ்க். கடைச் சுவரில் நான் மாதிரிக்கு மாட்டி வைத்திருந்த பெரியப்பாக்களையும் அத்தைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாரும் ஒரே மாதிரி சிரிக்காங்க" என்றாள்.

நான் இருமினேன். வேலம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கேமராவை அவள் மடியில் வைத்தேன். "இது கேமராவாக்கும். போன் மாதிரி புத்தி கிடையாது. முன்னால நின்னது எதுவோ அதுதான் இதுக்குத் தெரியும். என்ன மாதிரி, கொஞ்சம் மக்கு."

"நீங்க பொய் சொல்வீங்களா தாத்தா?"

"நான் சொல்லுவேன். இது சொல்லாது."

பட்டனை அமுக்கினேன். திரை எரிந்தது.

அவள் ப்ளஸ் போட்ட பட்டனைத் தானாகவே கண்டுபிடித்து அமுக்கினாள். படம் பெரிதானது. வளையல்கள் வெளியே போயின, சந்தனம் வெளியே போனது, கண் போனது. கடைசியில் திரை முழுக்க ஒரு உதடும் அதன் குறுக்கே ஏறிய தழும்பும் மட்டும் மிஞ்சின. மாஸ்க்கை எப்போது கீழே இழுத்தாள் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஒரு விரல் தன் உதட்டில், ஒரு விரல் திரையில்.

"அவங்களுக்கும் இந்தப் பக்கம்" என்றாள்.

"ஆமா."

மைனஸ் அமுக்கினாள். படம் சிறிதானது. "வயித்துக்குள்ள நானா?"

"நீதான்."

"எனக்கு இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒனக்குக் காட்டணும்னுதான் இந்தப் படத்த எடுக்கச் சொன்னா."

இசக்கிராஜ் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றார்.

"அப்போ வீட்டுல மாலை போட்ட படத்துல யார் அழிச்சா? போனா?"

போன் மேல் பழியைப் போட்டால் போன் மறுக்கப் போவதில்லை. இசக்கிராஜும் காட்டிக் கொடுக்க மாட்டார். அந்த ஒரு நொடியில் எனக்கு அது ரொம்ப நல்ல யோசனையாகத்தான் தோன்றியது.

"நான்தான் அழிச்சேன்."

"ஏன்?"

"அழகா இருக்கட்டும்னு."

"அப்போ முன்னாடி அழகா இல்லையா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் என்று எனக்கு ஊரில் பெயர் உண்டு. அவள் திரும்பத் திரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"இத நான் வீட்டுக்குக் கொண்டு போகணும்" என்றாள்.

இசக்கிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, அந்தத் திரையவே போன்ல ஒரு படம் எடுத்துக்கிட்டா?" நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் எடுத்துவிட்டார். போன் ஒரு கணம் யோசித்தது. கேமராவைத் தத்ரூபமாக வரைந்தது, அதன் மேலிருந்த கீறலோடு. கேமராவுக்குள் இருந்த மாரிச்செல்விக்கு மட்டும் உதட்டைச் சரிசெய்து கொடுத்தது.

வேலம்மாள்தான் கையை நீட்டிப் போனை வாங்கினாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு தன்விகாவின் படத்தைக் காட்டச் சொல்லி அதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க. இது என் வாயில்லா?"

"என்ன உளறுத?"

"என் வாய் எனக்குத் தெரியாதா? இடது பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கும். அம்மாவுக்கும் அதேதான், பிள்ளைக்கும் அதேதான். இங்க சுவத்துல தொங்குற பெரியப்பாக்களுக்கும் அதேதான்."

வாங்கிப் பார்த்தேன். அது என் வேலைதான். ஒரு கொத்தனார் தான் பூசிய சுவரை ஊருக்கு வெளியே பார்த்தாலும் கண்டுகொள்வான். மேலுதட்டின் இடது மேடு, அதன் கீழே நான் சுட்டுவிரல் நோகத் தேய்த்துக் கொண்டுவந்த வெளிச்சம், எல்லாம் அப்படியே இருந்தது.

அப்போதுதான் மேஜை மேல் கிடந்த பையைப் பார்த்தேன். உங்கள் திறமை உலகுக்கு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கம்பெனி ஸ்டுடியோக்காரர்களுக்கு வைத்த போட்டி. 'திருத்தும் முன், திருத்திய பின்' என்று ஜோடி ஜோடியாகப் படம் அனுப்பச் சொன்னார்கள். மற்றவர்கள் பத்து ஜோடி அனுப்பியிருப்பார்கள். நான் பெருமை பிடித்தவன். என் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த ஆயிரத்துச் சொச்சத்தையும் அனுப்பினேன். அதிலும் பிளந்த உதட்டைத் திருத்தியவை என் தனித்திறமை என்று முதலில் வைத்தேன். மருவைத் திருத்த அவர்களுக்கு லட்சம் பேர் கிடைத்திருப்பார்கள். இந்தத் தழும்பை என்னளவுக்கு யார் துடைத்துத் துடைத்துப் பழகியிருக்கப் போகிறார்கள்? போனுக்கு யாரோ பாடம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் அல்லவா. வாத்தியாருக்குத் தோள்பை கொடுத்திருக்கிறார்கள்.

உலகத்தில் எங்கெல்லாம் ஒரு பிள்ளை தைத்த உதட்டோடு போன் முன்னால் நிற்கிறதோ, அங்கெல்லாம் வேலம்மாள். இருபத்தாறு வயது வேலம்மாள்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்றார் இசக்கிராஜ். சொன்னேன். பாதிதான் புரிந்திருக்கும். வேலம்மாளுக்கு முழுதாகப் புரிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தன் உதட்டை முந்தானையால் மெதுவாகத் துடைத்தாள். எதுவோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் போல, இரண்டு தடவை துடைத்தாள்.

தன்விகா இதில் எதையும் கவனிக்கவில்லை. "தாத்தா, இதுல என்னை ஒரு படம் எடுங்க" என்றாள்.

"இதுல எடுத்தா போன்ல போகாது பாப்பா. பிரிண்டும் வராது. யாருக்கும் காட்ட முடியாது."

"அம்மா படமும் யாருக்கும் காட்ட முடியாதுல்ல?"

"ஆமா."

"அது பக்கத்துல இருக்கட்டும்."

செல்லில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கும் என்று தெரியவில்லை. அவள் மாஸ்க்கை முழுதாகக் கழற்றினாள். ஜன்னல் ஓரம் நிற்க வைத்தேன். 'சிரி' என்று சொல்ல வாயெடுத்தேன், முப்பத்தோரு வருஷப் பழக்கம். சொல்லவில்லை. அவளும் சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தாள். தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, தழும்பு வெளிச்சத்துக்கு வருகிற மாதிரி. எங்கே திரும்ப வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எடுத்தேன். திரையில் வந்தது. ஒரு தடவை இடது பக்கம் தள்ளினால் அம்மா. வலது பக்கம் தள்ளினால் மகள். அவள் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே இருந்தாள். திரை கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது.

"சாவி பட்டன் எது?"

காட்டினேன். அவளே அமுக்கினாள். ஓரத்தில் சின்னச் சாவி வந்தது. அதோடு திரை அணைந்தது.

கேமராவை அவளிடமே கொடுத்துவிட்டேன், ஒயரோடும் செல்லோடும். தோள்பையை மட்டும் கொடுக்கவில்லை. வேலம்மாள் தன் கூடையிலிருந்த மஞ்சள் பையைத் தட்டி அதில் போட்டுக் கொடுத்தாள். செல்லை எப்படிச் சார்ஜ் செய்வது என்று இசக்கிராஜுக்குச் சொன்னேன். கார்டை எந்தக் காரணத்துக்காகவும் போனில் சொருகக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். அவர் தலையாட்டிய விதத்தில் அவருக்கும் அந்த விரல் பழக்கம் இருப்பது தெரிந்தது.

படியிறங்கும்போது தன்விகா மாஸ்க்கை எடுத்தாள். ஒரு காதில் மாட்டினாள். மறு காதில் மாட்டாமல் நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இனிமே இத யாரும் அழிக்க முடியாதுல்ல தாத்தா?"

அந்தக் கார்டுகளை எனக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு மேல் அவை எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. முதலில் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு விழும். பிறகு பாதிப் படம் சாம்பல் நிறமாகும். அப்புறம் சாவி மட்டும் இருக்கும். நேற்று மதியம் மாரிச்செல்வியின் வளையலுக்குக் கீழே, முடி கனத்தில், அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தேன். அதனால்தான் அவசரமாக அணைத்தேன்.

"முடியாது பாப்பா" என்றேன். "யாராலயும் முடியாது."

அவள் நம்பினாள். முகம் தெளிந்தது.

என் தொழிலில் நான் கடைசியாகச் செய்த டச்சப் அதுதான்.